ரெண்டாவது ஆல்பமும் இல்லாத நேரமும்

2022 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. கொரியாவில் மதியம் ஒரு மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரிகளில் முதல் வகுப்பு நடக்கிற நேரம். கொரியாவின் நாலு பெண்கள் பாப் குழுவான பிளாக்பிங்கின் இரண்டாவது முழு ஆல்பமான 'பார்ன் பிங்க்' அந்த ஒன்பதரைக்குத்தான் வெளிவந்தது. எட்டே பாட்டு. மொத்தமாக ஓட்டினாலும் அரை மணி நேரம் தேறாது. இரண்டாவது வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் முழுசாகக் கேட்டு முடித்து, எது தேறும், எது தேறாது என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பும் எழுதியிருப்பார்கள்.

இதைப் பற்றி என் அக்கா மகளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அரை மணி நேரப் பாட்டுக்காக இரண்டு வருஷமா காத்திருந்தீங்க? "அது உங்களுக்குப் புரியாது மாமா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சரி, புரிகிற வரை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்தக் குழுக்களின் கதைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பெண்கள் பாப் குழு ஒன்று இரண்டாவது ஆல்பம் போடும்போது நல்ல பாட்டு கிடைப்பது இரண்டாம்பட்சக் கவலைதான். முதல் கவலை நேரம். அந்த நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள், எடுக்க முடியாதபோது எதைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள் என்று பார்த்தால் இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. பாஷை தெரியாமல் இதையெல்லாம் எப்படிக் கேட்கிறார்கள் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், பக்கத்துத் தெருவில் உருது என்று வளர்கிற பிள்ளைகள் இவர்கள். பெங்களூர் எஃப்எம் அலைவரிசை ஓசூர் வரை எடுக்கும். அதில் எந்த மொழிப் பாட்டு வருகிறதோ அதுதான் அன்றைய பாட்டு. அர்த்தம் அப்புறம் வரும், ராகம் முதலில் வரும் என்பது இங்கே பழகின விஷயம். கொரிய மொழி அந்த வரிசையில் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எந்தக் குழுவுக்கும் முதல் ஆல்பம் சேமிப்பிலிருந்து வருகிறது. யாருக்கும் தெரியாத காலத்தில் பாடிப் பழகின பாட்டு, ஆடிப் பழகின ஆட்டம், கம்பெனி கையில் சேர்ந்து கிடக்கும் மெட்டுகள், எல்லாம் அதில் இறங்கிவிடும். பிளாக்பிங்கில் ஜென்னி பயிற்சிக்குச் சேர்ந்தது 2010இல். குழு மேடைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 8இல். ஆறு வருஷம் ஒரு நயா பைசா விற்பனை இல்லாமல் பயிற்சி மட்டும். தாய்லாந்திலிருந்து வந்த லிசாவும் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ரோஸேவும் கொரிய மொழியையே அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் சரியாகக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. முதல் ஆல்பம் ஓடியிருந்தால் குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். விளம்பரம், பேட்டி, விருது விழா என்று நாள் போய்விடும். ஓடவில்லை என்றாலோ இரண்டாவது ஆல்பமே இருக்காது. ஆக, யாருக்கு இரண்டாவது ஆல்பம் கிடைக்கிறதோ அவர்களுக்கு அதைச் செய்ய நேரம் இருக்காது. இந்தச் சிக்கலை ஆளுக்கொரு விதமாகத் தாண்டியிருக்கிறார்கள். சிலர் தாண்டவில்லை.

நேர நெருக்கடிக்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது என்று நான் நினைப்பது இங்கிலாந்தின் ஸ்பைஸ் கேர்ள்ஸ். முதல் பாட்டு 1996 ஜூலையில் வந்தது, முதல் ஆல்பம் அதே வருஷம் நவம்பரில். ஐந்து பெண்களும் உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார்கள். இரண்டாவது ஆல்பம் 'ஸ்பைஸ்வேர்ல்ட்' 1997 நவம்பரில், சரியாக ஒரு வருஷத்தில் கடைக்கு வந்தாக வேண்டும். அதே வருஷக் கோடையில் அவர்களை வைத்து ஒரு சினிமாவும் எடுக்கிறார்கள். நடிப்பதா, பாடுவதா?

இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். படப்பிடிப்பு எங்கே நடந்ததோ அங்கே நடமாடும் ஸ்டுடியோ வண்டி ஒன்றும் கூடவே போனது. ஒரு காட்சிக்கு லைட் மாற்றுகிற இடைவெளியில் ஐவரில் யாருக்கு வேலை இல்லையோ அவர் வண்டிக்குள் போய்த் தன் வரியைப் பாடிவிட்டு வருவார். அடுத்த இடைவெளியில் அடுத்தவர். பாட்டு எழுதுவதும் அங்கேயே, அந்த இடைவெளியிலேயே. சினிமாவுக்கான ஒப்பனை முகத்தில் அப்படியே இருக்க, மைக் முன்னால் நின்று பாடின பாட்டுகள் அவை. ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இந்தப் பாட்டு எப்படிப் போக வேண்டும் என்று நிதானமாகப் பேச வழியே இருந்திருக்காது.

அப்படிச் செய்ததாலோ என்னவோ, அந்த ஆல்பத்தில் ஒரு பரபரப்பு இருக்கிறது. ஒரு பாட்டு லத்தீன் தாளம், ஒன்று மோட்டவுன் என்கிற பழைய அமெரிக்க பாணி, ஒன்று கிடார் வைத்த மெலடி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. முதல் ஆல்பத்தைவிட இதுதான் கலகலப்பானது. குறை வேறு இடத்தில் வந்தது. பெப்சி, போலராய்டு, வாக்கர்ஸ் சிப்ஸ், கேட்பரி என்று அந்த வருஷம் அவர்கள் முகம் ஒட்டாத பொருளே இல்லை. பத்திரிகைகள் சலித்துக்கொண்டன. ஆல்பம் வெளியான அதே நவம்பரில் மேனேஜர் சைமன் ஃபுல்லரை வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்த மார்ச்சில் வந்த 'ஸ்டாப்' பாட்டு இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அதுவரை வந்த அத்தனை பாட்டும் முதலிடம். 1998 மே மாதம், உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவில், ஜெரி ஹாலிவெல் குழுவை விட்டே போய்விட்டார். ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடத்தில் நுழைந்தது என்பதும் உண்மை, அதைச் செய்த விதம் ஆட்களைத் தேய்த்துவிட்டது என்பதும் உண்மை.

இதே பாடத்தைக் கொரியக் கம்பெனிகள் வேறு மாதிரி படித்தன. நேரம் போதாது என்றால் ஆல்பத்தைச் சின்னதாக்கு, துண்டு துண்டாக்கு. அங்கே 'ஆல்பம்' என்பதில் மூன்று வகை. ஒன்றிரண்டு பாட்டு உள்ள சிங்கிள் ஆல்பம், ஐந்தாறு பாட்டு உள்ள மினி ஆல்பம், எட்டு பத்து என்று போகும் முழு ஆல்பம். எதுவானாலும் குழு அதோடு மேடைக்கு வருவதைக் 'கம்பேக்' என்பார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்கள் போல ஒரு பேச்சு. ஆனால் மூன்று மாதம் முன்னால்தான் பார்த்திருப்போம்.

அதனால்தான் கணக்கு குழம்புகிறது. பிளாக்பிங்க் 2016இல் வந்தாலும் முதல் முழு ஆல்பம் 2020 அக்டோபர் 2இல்தான் வந்தது. நான்கு வருஷம் சிங்கிளும் மினியுமாக ஓட்டினார்கள். அதிலும் எட்டுப் பாட்டு, இரண்டாவதிலும் எட்டுப் பாட்டு. நியூஜீன்ஸ் குழுவின் இரண்டாவது மினி ஆல்பம் 'கெட் அப்', 2023 ஜூலையில் வந்தது, ஆறு பாட்டு சேர்ந்து சுமார் பன்னிரண்டு நிமிஷம்தான். ராயக்கோட்டை மேம்பாலத்திலிருந்து பழையபேட்டை போய்ச் சேர்வதற்குள் ஆல்பம் முடிந்துவிடும். அதுவும் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. நீளத்துக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு நிமிஷமோ இருபத்து நாலு நிமிஷமோ எப்படி உருவாகிறது? பாட்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஸ்வீடன், நார்வே, அமெரிக்கா என்று பல ஊர் மெட்டுக்காரர்களைச் சில நாள் ஒரே இடத்தில் உட்கார வைத்து எழுத வைப்பார்கள். சாங் கேம்ப் என்று பெயர். மெட்டு பிடித்துவிட்டால் ஆங்கிலத்தில் பாடின டெமோ ஒன்று கம்பெனிக்குப் போகும். கொரிய வரிகளைப் பல பாடலாசிரியர்களிடம் கேட்டு வாங்கி, அதில் தேறினதை எடுப்பார்கள். கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் 2009ஆம் வருஷத்து 'ஜீனி' பாட்டுக்கு மெட்டுப் போட்டது ஒரு நார்வே அணி. பிளாக்பிங்க் கதை கொஞ்சம் வித்தியாசம். அங்கே டெடி பார்க் என்கிற தயாரிப்பாளரின் கை எல்லாவற்றிலும் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அதே கம்பெனியில் ராப் குழுவில் பாடினவர். ஒரே ஆள் வழியாகப் போவதால் குழுவுக்கு ஒரு தனி வாசனை கிடைத்தது, கூடவே தாமதமும் கிடைத்தது.

பாடிப் பதிவு செய்வது வரிவரியாக நடக்கும். ஒரு பெண் வருவாள், தன் நாலு வரியைப் பல தடவை பாடுவாள், போவாள். மற்றவர்கள் அந்நேரம் வேறு ஊரில் விளம்பரத்தில் இருக்கலாம். எந்த வரி யாருக்கு என்று பிரிப்பது பெரிய அரசியல். ரசிகர்கள் ஸ்டாப்வாட்ச் வைத்து, இவளுக்கு இத்தனை செகண்ட் என்று கணக்குப் போட்டு வீடியோ விடுவார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் ஆல்பத்தில் வெறும் பாடகிகளாக இருந்தவர்கள், இரண்டாவது ஆல்பம் வரும்போது எழுத்துக்குப் பக்கத்தில் தங்கள் பெயரும் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பிளாக்பிங்கின் முதல் முழு ஆல்பத்தில் ஒரு பாட்டின் எழுத்தில் ஜிசூ, ஜென்னி பெயர்கள் உண்டு. 'பார்ன் பிங்க்' ஆல்பத்தில் ஒரு பாட்டு வரிகளில் ஜிசூவும் ரோஸேவும். எட்டில் ஒன்று. நாலு பேரும் வளர்ந்த கலைஞர்கள் என்று பார்த்தால் இது கஞ்சத்தனமான பங்கு.

'பார்ன் பிங்க்' விளம்பர வேலை ஆல்பத்துக்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்தது. 2022 ஜூலையில் பப்ஜி மொபைல் விளையாட்டுக்குள் ஒரு கச்சேரி, அதில் ஒரு புதுப் பாட்டு. நம்மூரில் அந்த விளையாட்டு 2020 செப்டம்பரிலேயே தடையாகிவிட்டது. ஆகஸ்ட் 19இல் 'பிங்க் வெனம்' பாட்டு மட்டும் தனியாக. கொமுங்கோ என்கிற பழைய கொரியத் தந்தி வாத்தியத்தின் ஒலியோடு அது தொடங்கும். வீடியோவிலும் ஜிசூ அதை மீட்டுகிற மாதிரி காட்டுவார்கள். ஒரே நாளில் சுமார் ஒன்பது கோடி முறை யூடியூபில் பார்க்கப்பட்டது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் எம்டிவி விருது மேடையில் அதே பாட்டு. செப்டம்பர் 16இல் ஆல்பமும், 'ஷட் டவுன்' பாட்டும். இந்த இரண்டாவது பாட்டின் கீழே ஓடிக்கொண்டே இருப்பது இத்தாலிய வயலின் மேதை பகானினியின் 1826ஆம் வருஷத்து இசைத் துண்டு. வெஸ்டர்ன் கிளாசிக்கல் என்றாலே ஓடுகிற பிள்ளைகள் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஆல்பம் வருவதற்கு முன்பே 20 லட்சத்துக்கு மேல் முன்பதிவு ஆகிவிட்டது என்று கம்பெனி அறிவித்தது. யோசித்துப் பாருங்கள், எட்டில் இரண்டு பாட்டுதான் அதுவரை வெளியே தெரியும். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் தை, மாசியில் பூ இறங்கினதைப் பார்த்தே தோப்பைக் குத்தகைக்குப் பேசி அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். அப்புறம் காற்றடித்துப் பிஞ்சு உதிர்ந்தாலும், பெங்களூரா காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் விலை விழுந்தாலும் குத்தகைக்காரர் தலைவலி. ஆல்பத்தின் முன்பதிவும் அப்படித்தான். பூவைக் காட்டிப் பணம் வாங்கியாயிற்று. காய் சுமாராக இருந்தால் அது ரசிகரின் பாடு. ஒரு வித்தியாசம், குத்தகைக்காரர் அடுத்த வருஷம் பேரம் பேசுவார், ரசிகர் பேச மாட்டார்.

சிடி கேட்க வீட்டில் பிளேயரே இல்லாத காலத்தில் எதற்கு இத்தனை லட்சம் சிடி? இதற்கு விடை இன்னொரு குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிறது. கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு 2010 ஜனவரியில் தன் இரண்டாவது முழு ஆல்பத்தை வெளியிட்டது. ஒன்பது பெண்கள். ஆல்பத்துக்குள் ஒருவரின் சிறு புகைப்பட அட்டை மட்டும் இருக்கும். யார் படம் வரும் என்று பிரித்தால்தான் தெரியும். கே-பாப் என்கிற கொரிய பாப் ஆல்பத்துக்குள் போட்டோகார்டு புகுந்தது இதிலிருந்துதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். தனக்குப் பிடித்தவரின் அட்டை வரும் வரை வாங்கு, இல்லை மாற்றிக்கொள். அதோடு விடவில்லை. இரண்டே மாதத்தில், மார்ச்சில், அதே ஆல்பத்தில் புதுப் பாட்டு சேர்த்து, மேலட்டையை மாற்றி 'ரீபேக்கேஜ்' என்று மறுபடி விற்றார்கள். புது ஆல்பம் செய்ய நேரம் இல்லையா, இருக்கிற ஆல்பத்தையே இரண்டு தடவை விற்றுவிடு. இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் வியாபாரத்தில் கெட்டிக்காரர்.

அந்த அட்டை கிருஷ்ணகிரிக்கு வந்து சேரும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு ஆல்பம் நம்மூருக்கு வந்து சேரும்போது ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல்கூட ஆகும். தனியாக வரவழைத்தால் தபால் செலவே கழுத்தை நெரிக்கும். அதனால் குரூப் ஆர்டர். இன்ஸ்டாகிராமில் ஒருவர் பொறுப்பெடுத்து, பலரிடம் ஜிபேயில் பணம் வாங்கி, மொத்தமாக வரவழைத்து, பிரித்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புவார். பார்சல் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், சுங்கத்தில் மாட்டினால் மாதக்கணக்கில். நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அதனால் இந்தப் பொறுப்பாளர்கள் ஒவ்வொரு பார்சலையும் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள்.

'பார்ன் பிங்க்' பெட்டியாகவே பிங்க், கறுப்பு, சாம்பல் என்று மூன்று நிறத்தில் வந்தது. அது போக ஆளுக்கொரு டிஜிபேக், அதாவது மடிப்பு அட்டை உறையில் போட்ட சிடி, வேறு. என் அக்கா மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினார்கள். பிரிக்கும்போது நானும் இருந்தேன். மேலே கெட்டி அட்டை. உள்ளே தடிமனான புகைப்படப் புத்தகம், பாட்டு வரிகள், ஸ்டிக்கர், அப்புறம் அந்தச் சின்ன அட்டை. நாலு பேரும் அட்டையைத்தான் முதலில் தேடினார்கள். கடைசியில் சிடி. அதை யாரும் கேட்கவில்லை. "பெரியப்பா வண்டியில பிளேயர் இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள். புத்தகத்தை மாதத்துக்கு ஒருத்தி வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு. அட்டையை சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டாள் ஒருத்தி. அன்றே அது அவள் ஃபோன் கவரின் பின்பக்கம் போய்விட்டது. கிடைக்காதவர்களுக்கு பெங்களூர் ரோட்டு டிஜிட்டல் பிரிண்ட் கடை இருக்கிறது. இன்டர்நெட்டில் எடுத்த படத்தை அதே அளவில் அடித்து லேமினேட் போட்டுக் கொடுப்பார்கள். 'அன்அஃபிஷியல்' என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வாங்குதலுக்கு அந்த அட்டை மட்டும் காரணமில்லை. எண்ணிக்கை என்கிற இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் சுவாரசியமாகப் பட்டது. ஓசூரைச் சுற்றியுள்ள ஃபேக்டரிகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஹாஸ்டலில் ஒருத்தி, ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு ஷிஃப்ட் முடித்து வந்து, கம்பெனி பஸ்ஸிலும் ராத்திரி படுக்கையிலும் அந்த ஆல்பத்தை நூறு தடவை ஓட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பில்போர்டு 200இல் அந்த நூறும் சேராது. அது அமெரிக்கக் கணக்கு; அமெரிக்காவுக்குள் ஓடினதும் விற்றதும் மட்டும்தான். அங்கேகூட அந்தச் சமயத்தில் சந்தா கட்டிக் கேட்டால் 1,250 தடவை, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 தடவை ஓடினால்தான் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். கொரியாவின் இசை நிகழ்ச்சிகளில் கொடுக்கும் டிஜிட்டல் மதிப்பெண்ணோ அந்த நாட்டு ஆப்களைச் சார்ந்தது.

அவள் கேட்டது எண்ணப்படும் இடம் என்று பார்த்தால் 2020இல் தொடங்கின பில்போர்டு குளோபல் 200, அப்புறம் யூடியூப். 'பிங்க் வெனம்', 'ஷட் டவுன்' இரண்டும் குளோபல் 200இல் முதலிடம் பிடித்தபோது அதில் நம் பக்கத்துக் காதுகளும் சேர்த்தி. ஆனால் அதே பெண் குரூப் ஆர்டரில் ஒரு சிடி வாங்கினால், அந்தக் கடை கொரியாவின் ஹான்டியோ பட்டியலோடு இணைந்த கடையாக இருந்தால், அது அங்கே ஒரு எண்ணாக ஏறிவிடும். வெளியான முதல் வாரத்துக்குள் எத்தனை விற்றது என்பது அங்கே பெரிய கௌரவம். கேட்பவருக்குக் கிடைக்காத இடம் வாங்குபவருக்குக் கிடைக்கிறது. போட்டுக் கேட்க முடியாத சிடியைச் சம்பளப் பணத்தில் வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று வெளியில் இருந்து பார்த்தால் தோன்றும். எண்ணுகிறவர்கள் வைத்த விதி அப்படி. அவள் அதற்குள் புத்தியோடுதான் நடந்துகொள்கிறாள்.

'பார்ன் பிங்க்' முதல் வாரத்தில் அமெரிக்காவில் 1 லட்சத்து 2 ஆயிரம் யூனிட்டோடு பில்போர்டு 200இல் முதலிடம் பிடித்தது. இங்கிலாந்திலும் முதலிடம். கொரியப் பெண்கள் குழு ஒன்று இந்த இரண்டு பட்டியலிலும் உச்சிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அமெரிக்கப் பட்டியலில் அதற்கு முன்னால் பெண்கள் குழு ஒன்று கடைசியாக முதலிடத்தில் இருந்தது 2008இல்: டேனிட்டி கேன், அதுவும் இரண்டாவது ஆல்பத்தோடு. டிவி நிகழ்ச்சியில் ஆள் தேர்ந்தெடுத்து உருவாக்கின குழு அது. மார்ச்சில் ஆல்பம் வந்தது, அக்டோபரில் இரண்டு பேரை நீக்கினார்கள், அடுத்த வருஷத் தொடக்கத்தில் குழுவே இல்லை. முதல் இரண்டு ஆல்பமும் முதலிடத்தில் நுழைந்தும் கதை இப்படி முடிந்தது.

டிவி உருவாக்கின குழு என்றால் நமக்கும் ஒன்று உண்டு. நியூசிலாந்தில் 1999இல் பிறந்த 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியை சேனல் வி இந்தியாவுக்குக் கொண்டு வந்து, 2002இல் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து 'விவா' என்று குழு அமைத்தது. முதல் ஆல்பம் நாடு முழுக்கத் தெரிந்தது; கேபிள் டிவி இருந்த வீடுகளில் எல்லாம் ஓடியது. 2003இல் இரண்டாவது ஆல்பம், ஆனால் அதற்குள் ஐந்து நாலாகிவிட்டது. கொஞ்ச நாளில் குழுவும் கலைந்தது. இங்கே நேரப் பிரச்சினை தலைகீழ். பெண்களுக்கு நேரம் இருந்தது, டிவிக்கு இல்லை. தேர்வு நடக்கிற வரை வாராவாரம் அவர்களைக் காட்டின நிகழ்ச்சி முடிந்துவிட்டது. இரண்டாவது ஆல்பத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. சினிமாப் பாட்டைத் தாண்டி ஒரு குழுவுக்கென்று ரசிகர், பொருள், மேடை எதுவும் இங்கே கட்டப்படவில்லை. அந்த ஐவரில் நேஹா பசின் பிற்பாடு யுவன் சங்கர் ராஜா இசையில் 'சத்தம் போடாதே' (2007) படத்தில் பாடினார். அந்தப் பாட்டை நம்மில் நிறையப் பேர் கேட்டிருப்போம், அது விவாவின் குரல் என்று தெரியாமலே. நம் நாட்டில் பெண்கள் குழு ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் சினிமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்; நல்ல குரல்களை எல்லாம் அதுவே வாங்கிக்கொள்கிறது.

இப்போது நம் பிள்ளைகள் அதிகம் பேசுவது கேட்ஸ்ஐ குழுவைப் பற்றி. கொரியாவின் ஹைப் கம்பெனியும் அமெரிக்காவின் கெஃபனும் சேர்ந்து உருவாக்கின ஆறு பேர் குழு. அதில் லாரா ராஜ் தமிழ் வேர் உள்ளவர், அமெரிக்காவில் வளர்ந்தவர், மேடையில் பொட்டு வைத்துக்கொண்டு வருவார். தர்மபுரி பக்கம் ஆண்டு விழாவில் இவர்களின் 'கேப்ரியேலா' பாட்டுக்கு ஆடுகிற பிள்ளை நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொள்வது இதனால்தான், டீச்சருக்கும் நிம்மதி. இவர்களின் முதல் மினி ஆல்பம் 2024 ஆகஸ்ட் 16இல், இரண்டாவது 'பியூட்டிஃபுல் கேயாஸ்' 2025 ஜூன் 27இல். இடையில் பத்து மாதம், ஐந்து பாட்டு.

இவர்கள் செய்த விளம்பரத்தில் ஒரு புது விஷயம் உண்டு. ஆல்பத்துக்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் விட்ட 'நார்லி' பாட்டைக் கேட்ட உடனே பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம், அர்த்தமில்லாத வரிகள். முதல் முறை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மேடையில் அதற்கு ஆடிக் காட்டின பிறகு பேச்சு மாறியது. கிண்டல் பண்ணிப் போட்ட வீடியோவே பாட்டைப் பரப்பிவிட்டது. அடுத்து ஜூனில் 'கேப்ரியேலா', யாருக்கும் பிடிக்கிற மாதிரி லத்தீன் சாயல். ஆல்பம் வந்த பிறகு ஆகஸ்ட்டில் கேப் கம்பெனியின் ஜீன்ஸ் விளம்பரத்தில் ஆறு பேரும் ஆடினது ஊரெல்லாம் சுற்றியது. நவம்பரில் கிராமி பரிந்துரைப் பட்டியலில் சிறந்த புதுமுகம், 'கேப்ரியேலா'வுக்குச் சிறந்த பாப் குழு என்று இரண்டு இடத்தில் பெயர். ஸ்பைஸ் கேர்ள்ஸ் சிப்ஸ் பாக்கெட்டில் வந்தபோது திட்டின உலகம், இப்போது ஜீன்ஸ் விளம்பரத்தையே கலையாகக் கொண்டாடுகிறது. இருபத்தெட்டு வருஷத்தில் விளம்பரம் என்பதே ஆல்பத்தின் ஒரு பாட்டு போல ஆகிவிட்டது என்று தோன்றுகிறது.

கொரியக் குழுக்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் 2009இல் கொண்டு வந்த மாதிரி ஒப்பந்தப்படி, கம்பெனி ஒரு கலைஞரை அதிகபட்சம் ஏழு வருஷம் பிடித்து வைக்கலாம். பயிற்சியில் போட்ட பணத்தை, மேடையேறின நாளிலிருந்து அந்த ஏழுக்குள் எடுத்தாக வேண்டும். 2016 ஆகஸ்ட்டில் வந்த பிளாக்பிங்க் தன் இரண்டாவது ஆல்பத்தை 2022 செப்டம்பரில் வெளியிட்டது. ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரு வருஷம் கூட இல்லை. அந்த மிச்சத்தை முழுக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் சியோலில் தொடங்கி, அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று போய், நடுவில் 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவின் தலைமை மேடையையும் பார்த்து, 2023 செப்டம்பரில் மறுபடி சியோலில் முடித்தார்கள். அதில் இந்தியா இல்லை. பெங்களூருக்கு வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று காசு சேர்த்து வைத்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

அந்த டிசம்பரில் குழுவாகச் செய்யும் வேலைக்கு மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். தனி வேலைக்கு ஜென்னி, லிசா, ஜிசூ மூவரும் சொந்தமாக ஆளுக்கொரு கம்பெனி தொடங்கிவிட்டார்கள். ரோஸே, டெடி பார்க் நடத்தும் கம்பெனிக்குப் போனார். முன்பு ஒரே ஆபீஸில் காலண்டரைத் திருப்பி நாள் குறித்த கம்பெனி, இப்போது நாலு ஆபீஸில் தேதி கேட்க வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் ஒரு விளையாட்டு ஆப்புக்காக விட்ட பாட்டுக்கு அப்புறம், நாலு பேரும் சேர்ந்து பாடின அடுத்த பாட்டு வருவதற்கு 2025 ஜூலை ஆகிவிட்டது.